யாரும் பகிராத மறுப்பு

"சர்க்கரை நோயை முந்திரிப்பழத்தால் விரட்டிய டாக்டர் ஹெலன் காலமானார்." வாட்ஸப்பில் இந்தச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறுபடியும் அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டார்களே, நாசமாய்ப் போகிறவர்கள் என்று திட்டினேன். அதற்குப் பிறகுதான் 'காலமானார்' என்ற சொல் உறைத்தது.

சிதம்பரத்தில் எங்கள் கல்லூரியில் அவர் உணவியல் பேராசிரியர், நான் நூலகர். அவரோடு பழகியவர்களுக்கு அவர் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். காடாம்புலியூர் விவசாயி தணிகாசலத்தின் தோப்பிலிருந்து முந்திரிப்பழம் வாங்கி, காயவைத்துப் பொடியாக்கி, ஆய்வகத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. மனிதர்களிடம் சோதிக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார். அதை எவன் படித்தான்? யாரோ ஒரு புண்ணியவான் செய்தியிலிருந்து எலியை எடுத்துவிட்டு, அவர் படத்தைப் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். ஊரெல்லாம் ஓடியது.

பதறிப்போய் மறுப்பு எழுதினார். பிறகு சத்துணவு ஆய்வுகளில் எது இணையத்தில் ஓடுகிறது, எதை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் பெரும்பாலும் ஒட்டவே இல்லை. அவருடைய முந்திரிக் கட்டுரையை இணையம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, ஆய்வாளர்கள் சீந்தவில்லை. மறுப்பை இரண்டு பக்கத்திலும் ஒருவரும் சீந்தவில்லை. "செத்த பொணத்தக்கூட நாலு பேரு எட்டிப் பாப்பாங்க சார். இத ஒருத்தரும் பாக்கல" என்றார்.

கல்லூரிக்கோ ஒரே பெருமை. இணையத்தில் அதிகம் பேசப்பட்ட கட்டுரை என்று விழா வைத்துப் பொன்னாடையும் வாங்கிவிட்டார்கள். அதே வாரத்தில்தான் தணிகாசலத்துக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு முந்திரிப்பழப் பொடி சாப்பிட்டிருக்கிறார், மனிதர். "ஒருத்தருக்குக் காலே போயிருக்கு, எனக்கு எதுக்கு சார் பொன்னாடை? அந்தாண்ட எடுத்துட்டுப் போங்க" என்று ஹெலன் மேடம் மேடையிலேயே கத்திவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பஸ் ஏறிக் காடாம்புலியூர் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததுமே, "மாத்திரை அட்டையக் காட்டுங்க" என்றார். தணிகாசலம் சிரித்தார். "என் தோப்புப் பழம், நீங்க எழுதுனது. ஊரே சொல்லுது, நீங்க மட்டும் இல்லேங்கறீங்களே மேடம்." "எழுதுன நானே சொல்றேன், போடுங்க" என்று அதட்டி, கண்ணெதிரே அவர் விழுங்கிய பிறகுதான் எழுந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தார்.

கடலூர் முதுநகரில் அடக்கம் நடந்தது. தணிகாசலம் ஊன்றுகோலோடு வந்திருந்தார். தாயைப் பறிகொடுத்தவர்போல அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுங்க கோச்சுப்பாங்கன்னுதான் சார் இத்தினி நாளு மாத்திரை போட்டேன். இனிமே அவுங்க நெனப்பா அவுங்க பொடியத்தான் சாப்புடப் போறேன்" என்றார்.

நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவரிடம் சத்தம் போட்டேன், கெஞ்சினேன். அவரோ என் முதுகைத் தட்டி என்னைத் தேற்றினார். ஹெலன் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சண்டை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் போகிறேன். எழுதியவர் சொல்லியே நம்பாத மனிதர், நான் சொல்லியா நம்பப்போகிறார்?