ருஷ்ய துரையின் சிறகுகள்

அவர் ருஷ்ய ஒற்றர் என்றுதான் முதலில் நம்பினேன். பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான், அவ்வளவு அறிவு.

செம்பட்டைத் தாடியும் வெயிலில் உரிந்த மூக்குமாக என்னிடம் அர்த்தம் கேட்க வந்தவர், பறக்கும் இயந்திரங்களைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகமொன்றை ருஷ்ய பாஷைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சிறகு வருகிற சொல் எதுவானாலும் உடம்பால் நடித்துப் பார்க்காமல் எழுதமாட்டார். இயந்திரச் சிறகின் சாய்வுக்காக ஆற்றங்கரையில் கைகளை விரித்துக் காற்றில் சாய்ந்து நின்றார். ஒருவரை ஆதரிப்பதைச் சிறகுக்குள் எடுத்துக்கொள்வது என்று இங்கிலீஷில் சொல்வார்களே, அதற்கு என்னை அக்குளில் இடுக்கிக்கொண்டார். தாமிரபரணியில் குளித்தவர்கள் முங்க மறந்தார்கள்.

ஒருநாள், "பட்டாளத்தின் இடது சிறகு எங்கே நிற்கும்?" என்று கேட்டார். படையின் பக்கவாட்டையும் இங்கிலீஷில் சிறகு என்பார்கள்; அதை மறந்து, வேவு பார்க்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். திரும்பினால் மருத மரத்துக்குப் பின்னால் போலீஸ்காரர்.

ஓடிப்போய், "ஐயா, இவரு ஒற்றரு. எனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

"பைய பேசும்வே. துரை வந்த அன்னைக்கே கலெக்டர் ஆபீஸ்ல எல்லாம் சொல்லிட்டாரு. அவருக்குத் துணைக்குத்தான் என்னை அனுப்பியிருக்காவ."

"பின்ன எதுக்குய்யா மறைஞ்சு நிக்கீக?"

"அவரு கூடவே ஒரு ஆளு திரியுதாம்லா, அது யாருன்னு விசாரிக்கச் சொல்லுதாவ. உம்ம பேரு என்னவே?"

துரை கப்பலேறும்வரை வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டவன் நான். வாசல்வரை துணைக்கு வந்தவர் அந்தத் துரை.