வெள்ளிக்கிழமை எண்ணெய் வாங்க வேண்டாம்

அந்த மின்னஞ்சலை நான் நம்பியதற்குக் காரணம், அதை எழுதியவர்களுக்குப் பயமே இல்லாததுபோல் இருந்ததுதான். கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி அனுப்பியிருந்தான். அவனுக்கும் வேறு யாரோ அனுப்பியது. வருகிற வெள்ளிக்கிழமை உலகத்தில் ஒருவரும் காஸ் வாங்காமல் இருந்தால் கம்பனிகள் ஒரே நாளில் பணிந்துவிடும், விலை பாதியாகும், இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள் என்று இருந்தது. அங்கே பெற்றோலைத்தான் காஸ் என்பார்கள்.

யுத்தம் முடிந்து நாங்கள் இலுப்பைக்கடவைப் பக்கம் எங்கள் கரைக்குத் திரும்பி வந்து அப்போது இரண்டு வருடம். நானும் மகளும் மட்டும். மீனவர் சங்கத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்திருந்தது. காலையில் ஜெனரேற்றர் ஓடும் இரண்டு மணித்தியாலம்தான் அங்கே கணினி வேலை செய்யும். வீடுகளுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை.

மண்ணெண்ணெய் விலை அப்போதுதான் ஏறியிருந்தது. படகு இயந்திரத்துக்கும் அதுதான், வீட்டு லாம்புக்கும் அதுதான். சங்கத்தில் அதை விற்கும் பரலுக்கு முன்னால் நின்று ஆட்கள் அரசாங்கத்தையும் கம்பனியையும் திட்டினார்கள். நான் தெருவை எட்டிப் பார்ப்பேன். மெதுவாகக் கதையுங்கோ என்பேன். விலையைப் பற்றிச் சத்தமாகக் குறை சொல்லலாம் என்பதற்கு நான் இன்னும் பழகவில்லை. பிறகு, அவர்கள் திட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்க்கையில் மனம் கொஞ்சம் இளகும்.

அந்தத் துணிவில்தான் நானும் ஒரு நோட்டீஸ் எழுதிச் சங்கக் கதவில் ஒட்டினேன். காஸ் என்றால் ஒருவருக்கும் விளங்காது. பெற்றோல் என்றால் நாலு மோட்டார் சைக்கிள்காரருக்கு மட்டுந்தான். ஆகவே எண்ணெய் என்று எழுதினேன். கரையில் எண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். ‘வருகிற வெள்ளிக்கிழமை ஒருவரும் எண்ணெய் வாங்க வேண்டாம். பத்துப் பேருக்குச் சொல்லவும்.’

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க வாசலில் வரிசை நின்றது. கான், போத்தல், வாளி, பால்மா ரின் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பத்து மணிக்குப் பரல் வெறுமையாகிவிட்டது. அடுத்த லொறி மன்னாரிலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சங்கத் தலைவர் ஆறுதலாகத்தான் விளக்கினார். வயதான மனிதர், தானும் இரண்டு கான் நிரப்பி வைத்திருந்தார்.

“தங்கச்சி, நாளைக்கு வாங்க வேண்டாம் எண்டு ஒட்டினால், நாளைக்கு இல்லை எண்டுதானே அர்த்தம். எங்களுக்கு எந்தக் காலத்தில நோட்டீஸ் வேற எதைச் சொன்னது?”

எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே ஒரு கான் எண்ணெய் இல்லாமல் எனக்கு நித்திரை வராது. பதுங்குகுழிக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கில் எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்த ஒருமுறைதான், நான் எழுதிய நோட்டீசுக்கு நானே மரியாதை கொடுத்து, சேர்த்து வைக்காமல் இருந்தேன். கானின் அடியில் இரண்டு விரற்கடை அளவுதான் இருந்தது. மகளுக்குத் திங்கட்கிழமை சாதாரண தரப் பொதுப் பரீட்சை தொடங்குகிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இரண்டு வருடப் படிப்பை இழந்தவள், அதைப் பிடிப்பதற்குப் பொழுதுபட்ட பிறகுதான் இருந்து படிப்பாள்.

“உங்கட நோட்டீஸ் வெற்றிதான் அம்மா,” என்றாள் மகள், வெள்ளி இரவு. “வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வாங்கேல்லை.”

என்னை நம்பி வாங்காமல் இருந்த இன்னொரு வீடும் இருந்தது. பக்கத்து வளவு. சங்கத்துக்கார அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தாளாம் அந்த வீட்டுக்காரி. வெள்ளியும் சனியும் அவர்களுடைய படகு மணலில் கிடந்தது. சனிக்கிழமை காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“உங்கட கடுதாசியால எங்கட மனுசன் வீட்டில குந்திக்கொண்டு எனக்குச் சமையல் படிப்பிக்கிறார். இன்னொரு நோட்டீஸ் ஒட்டி அவரை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ அக்கா.”

நான் சிரிக்கவில்லை. யாரிடமும் எண்ணெய் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பின்னேரம் மகள் மிச்ச வெளிச்சத்தைத் தேடிக் கரைக்குப் போய், அதே படகின் விளிம்பில் ஏறியிருந்து கணக்குச் செய்தாள். இருள இருளக் கொப்பியை முகத்துக்குக் கிட்டக் கிட்டப் பிடித்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வளவுக்காரியும் பார்த்திருக்கிறாள். சற்று நேரத்தில் ஒரு சோடாப் போத்தலோடு வந்தாள். படகு இயந்திரத்தின் எண்ணெய்த் தாங்கி அடியிலிருந்து குழாய் வைத்து இழுத்தது. இயந்திர ஒயில் கலந்து நிறம் மாறியிருந்தது.

“கடலுக்குப் போகக் காணாது,” என்றாள். “லாம்புக்குக் காணும். புகைக்கும், பாத்துக்கொள்ளுங்கோ.”

நன்றி சொல்வதற்கு முன் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது எங்கள் படியில் மூன்று போத்தல்கள் இருந்தன. மத்தியானத்துக்குள் பதினொன்றாகிவிட்டன. மருந்துப் போத்தல், சாராயப் போத்தல், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து யாரோ கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு. பக்கத்து வளவுக்காரி கோயிலில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். தலைவர் தன் கானில் ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். நான் அழத் தொடங்கியதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“பத்துப் பேருக்குச் சொல்லச் சொன்னது நீர்தானே,” என்றார்.

இத்தனை எண்ணெய் ஒரு லாம்புக்குத் தேவையில்லை. முன்பென்றால் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருப்பேன். அன்றும் அந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு போத்தலை உள்ளே கொண்டுபோயும் வைத்தேன். பிறகு அதையும் எடுத்துவந்து, மகளும் நானுமாக எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனோம். பக்கத்து வளவுக்காரி வேண்டாம் என்றாள். அவளுடைய மனுசன் தாங்கியின் மூடியைத் திறந்தார். எங்களுக்கு அவள் தந்த சோடாப் போத்தல் போதும் என்று மகள்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியமுதலே அந்தப் படகின் இயந்திரம் இருமி இருமிப் புறப்படும் சத்தம் கேட்டது. திடீர் இயந்திரச் சத்தம் எதுவும் என்னைத் தூக்கிப்போடும். அன்று படுத்தபடியே, அது தூரத்தில் தேய்ந்துபோகும்வரை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விலை குறையவில்லை. தம்பி எழுதிக் கேட்டபோது, எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை ஒரு சொட்டு எண்ணெய்கூட விற்கவில்லை என்று உண்மையைத்தான் எழுதினேன். அவனுக்கு மிகவும் சந்தோஷம்.

அந்தத் திங்கட்கிழமை காலை, இரவிரவாகப் புகை குடித்ததில் மகளின் மூக்கு கரியாகியிருந்தது. பரீட்சைக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு கிணற்றடியில் குனிந்து நின்று முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்தாள்.

“இன்னும் இருக்குது பிள்ளை,” என்றாள். “வடிவாக் கழுவிப்போட்டுப் போ.”