அத்தை கேட்ட இசைத்தட்டு

இங்கிலாந்திலிருந்து மெஷின் மாட்ட ஆள் வருகிறார் என்று, ஆம்பூரில் என் மாமா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கேட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்தார்கள். சூப்பர்வைசர்கள் சாமந்தி மாலையோடு வாசலில் காத்திருந்தார்கள். கார் வந்து நின்றது. அதிலிருந்து எங்கள் எல்லோரையும்விடக் கறுப்பாக, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தில் ஒருவர் இறங்கினார். மாலை வைத்திருந்தவர் அவரைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்து, வெள்ளைக்காரர் எங்கே என்று தேடினாராம். வந்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தானே தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டாராம். அம்மாவின் தம்பியான மாமா, இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் குனிதலை நடித்துக் காட்டுவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அப்பாவின் புனல் ஸ்பீக்கர்கள்தான் மரத்தில் ஏறிக் கத்தும். கம்பெனி விருந்தினர் விடுதியில் தங்கியிருந்த அந்த மெஷின்காரர் பாட்டுக் கேட்க ஒரு ரெக்கார்டு பிளேயர் வேண்டுமென்றதால், மாமா அப்பாவிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். வேலை முடிந்து அவர் ஊருக்குப் போனதும் பிளேயர் திரும்பி வந்தது. அதோடு மூன்று இசைத்தட்டுகளும் வந்தன. அவர் வேண்டுமென்றே விட்டுச் சென்றவை என்று மாமா சொன்னார்.

அட்டைகளில் ஒன்றில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடின. இன்னொன்றில் ஒருவர் சடைசடையாகத் தொங்கும் முடியோடு கண்களை மூடியிருந்தார். அவர் வெளிநாட்டுச் சித்தர் என்று எங்கள் தெருவில் முடிவாயிற்று. அது ஜமைக்காவின் ரெகே இசை. அந்தச் சொல்லையே நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஜமைக்கா என்பது ஒரு தீவு என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அப்பா முதல் தட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுருங்கியது. தாளம் விழவேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் கிட்டார் ‘சக்’ என்று வெட்டிவிட்டுப் போனது. ஆம்ப்ளிஃபையரில் கோளாறு என்று நினைத்து அதைத் திறந்து, வால்வுகளைக் கழற்றித் துடைத்து, ஒயர்களை மறுபடி பற்றவைத்து, ஒரு பகல் முழுவதும் மல்லாடினார். திரும்பப் போட்டபோது பாட்டு அப்படியேதான் நொண்டியது. பாட்டே அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு நாளாயிற்று.

புனலில் அந்தப் பாட்டு எடுபடவே இல்லை. அடியில் ஓடுகிற கனத்த சத்தம் புனலுக்குள் நுழையாது. அதற்காக அப்பா, கல்யாண மண்டபங்களுக்கென்று செய்து வைத்திருந்த பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரை எங்கள் நடுவறைக்குக் கொண்டு வந்தார். தோல் கம்பெனிக்கு மெஷின்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகளை வாங்கிச் செய்தது அது. பக்கவாட்டில் அந்நிய எழுத்துகள் தலைகீழாக இருக்கும். அதில் தட்டைப் போட்டதும் சத்தம் காதுக்கு வருமுன் தரைக்கு வந்தது. சொம்புத் தண்ணீரில் வட்டங்கள் எழுந்தன. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் மெல்ல முனகின.

அப்போது அத்தையும் அந்த அறையில் இருந்தாள். அப்பாவின் தங்கை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. சில சொற்களை மட்டும் உடைத்து உடைத்துச் சொல்வாள். மற்றதெல்லாம் கையும் கண்ணும்தான். ஊருக்கெல்லாம் பாட்டுப் போடுகிற வீட்டில் ஒரு பாட்டும் கேட்காமல் வளர்ந்தவள். தட்டுகளைத் துடைத்து உறையிலிடும் வேலை அவளுடையது. அவளைப் போல ஒரு கீறல் விழாமல் ஊசியை வைக்க அப்பாவுக்கே வராது.

அன்று பெட்டியின் மேல் தூசி துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. துணியைக் கீழே போட்டாள். உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். பிறகு இன்னொரு கையையும் வைத்தாள். பெட்டிக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தவளைப் போலப் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து என்னைப் பார்த்த அவள் முகத்தை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரோ தூரத்திலிருந்து கைகாட்டுகிறார், யாரென்று மட்டும் நினைவுக்கு வரவில்லை என்பது போல இருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டு மத்தியானங்கள் மாறிப்போயின. அப்பா கடைக்குப் போனதும் அத்தை தட்டைப் போடுவாள். பெட்டியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்களை மூடி உட்காருவாள். நான் அவள் மடியில் தலை வைத்துப் படுப்பேன். அவள் உடம்பு வழியாகப் பாட்டு என் காதுக்கு வரும். காற்றுத் திசை மாறும் நேரங்களில் தோல் மண்டியின் வாடை ஜன்னலில் ஏறும். அதையும் மீறி ஏதோ கடலோரத்தில் கிடப்பது போலிருக்கும், நான் கடலையே பார்த்திராத போதும். ஒரு பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்தில் உரசுவது அவளுக்கு உடனே தெரிந்துவிடும். எழுந்து திருப்பிப் போடுவாள். மூன்றில் அந்தச் சடைமுடிக்காரர் தட்டுதான் அவளுக்கு உயர்ந்தது. அது வேண்டுமென்று சொல்ல, கையை அடிவயிற்றில் வைத்து மெல்ல அழுத்திக் காட்டுவாள். அதுதான் அந்தத் தட்டுக்கு எங்கள் வீட்டில் பெயர். பாட்டு நின்ற பிறகும் அடுப்படியில் அவள் கத்தரிக்காய் நறுக்குவது அதே தாளத்தில் இருக்கும். விடவேண்டிய இடத்தில் கத்தி அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும்.

பின்னாளில் அந்தத் தட்டை ஒலிநாடாவாகக் கேட்டேன், குறுந்தகடாகக் கேட்டேன், இப்போது கைப்பேசியில் கேட்கிறேன். வேலூரில் கல்லூரிப் பிள்ளைகள் அந்த அட்டைப் படத்தைப் பனியனில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே வந்த பாட்டு. அதோடு வந்த எத்தனையோ பாட்டுகள் பழையதாகிவிட்டன, இது ஆகவில்லை. ஏனென்று கேட்டால் பாட்டு தெரிந்தவர்கள் போராட்டம், விடுதலை, பக்தி என்று சொல்வார்கள். அதெல்லாம் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மற்ற பாட்டுகள் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். இது ஓரிடத்தை விட்டுவைத்து, வந்து உட்கார் என்று காத்திருக்கும். காத்திருக்கத் தெரிந்தது எப்படிப் பழையதாகும்?

அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த இடமெல்லாம் காது என்றதும் தட்டிப்போனது. குடியாத்தத்திலிருந்து விசைத்தறி வைத்திருந்த ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோது, தரகர் காதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது. அங்கேதான் மாமாவுக்கு யோசனை பிறந்தது. அத்தையைப் பெட்டியை ஒட்டிப் பலகையில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுவிட வேண்டும். அவள் கால் தானாகத் தாளம் போடும், தலை ஆடும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

அப்பா தயங்கினார். அதற்கு மாமா சொன்னது இது:

“நம்ம ஒரு பொய்யும் சொல்ல வேணாம் மாமா. பாட்டு போடுவோம், அவ்ளோதான். அவங்களா இன்னா நெனச்சிக்கிறாங்களோ நெனச்சிக்கட்டும்.”

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். “கல்யாணம் முடிஞ்சி அவ போவசொல்ல பொட்டியையும் தலையில வச்சி அனுப்புவியா?”

ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். இதில் அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. மூவரும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார்கள். தறிச்சத்தத்தில் வாழ்கிறவர்களின் வழக்கம் அது என்று பிறகு தெரிந்தது. அத்தை மாம்பழ நிறப் புடவையில் காப்பித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். பெண் பார்க்கும் சபையில் பெண் வாய் திறக்காததை அடக்கம் என்று மெச்சுகிற காலம். அவள் பேசாதது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மாமா தட்டைப் போட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அட்டையைக் கையில் எடுத்துச் சடைமுடியை உற்றுப் பார்த்தார். எந்தச் சாமி பாட்டு என்று விசாரித்தார். வெளிநாட்டுச் சாமி என்றார் மாமா. அந்த அம்மா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார். அத்தையின் பாதம் தரையில் மெல்லத் தட்டியது. தலை விடவேண்டிய இடத்தில் விட்டு, அசையவேண்டிய இடத்தில் அசைந்தது.

“பொண்ணுக்குப் பாட்டு ஞானம் நல்லா இருக்குது” என்றார் அந்த அம்மா.

மாமா வெற்றியோடு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை இருவரையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பாதம் நின்றது. எழுந்தாள். பிளேயரிடம் போய், எப்போதும் போல ஒரு உரசலும் இல்லாமல் ஊசியைத் தூக்கி வைத்தாள். அறை சட்டென்று காலியானது போல இருந்தது. அவள் மாப்பிள்ளைக்கு நேராகத் திரும்பி நின்று, இரண்டு காதுகளையும் விரலால் தொட்டு, கையை விரித்து ஆட்டினாள். இல்லை. பிறகு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, அதே கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மறைத்துவிட்டீர்களே என்று பெரியப்பா அப்பாவிடம் பாய்ந்தார். மாமா தரகர் மேல் பழியைப் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத்தைத் தொடாமல் எழுந்து நின்றார். அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார்.

அந்த அம்மா அன்று கோபமாகத்தான் போனார். தன் மகன் வேறு பெண் பார்க்க வர மறுத்துவிட்டதால், ஆடி முடிந்ததும் அவரே தனியாகப் பஸ் ஏறி வந்தார். “எங்க தறிக்கொட்டாயில யாரு பேசறது யாருக்குக் கேக்குது” என்று, ஏதோ நாங்கள்தான் மறுத்துவிட்டது போல, அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். தையில் கல்யாணம் நடந்தது. அத்தை மூன்று தட்டுகளையும் புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாள். ஒரு விடுமுறைக்குக் குடியாத்தம் போனபோது அந்தத் தறிக்கொட்டாயைப் பார்த்தேன். இருபுறமும் தறிகள் ஓட, சிமெண்டுத் தரை ஓயாமல் நடுங்கியது. என் காது அடைத்துப்போயிற்று. அத்தை செருப்பில்லாமல் நடுவில் நடந்து வந்தாள், சொந்த வீட்டுக்குள் வருகிறவளாக. நூல் அறுந்தது, குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது, சாப்பிட வா, எல்லாவற்றையும் அங்கே எல்லோரும் கையாலேயே சொன்னார்கள். அதில் அவள்தான் கெட்டிக்காரியாக இருந்தாள்.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் ஏற்பாடு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அத்தை அதைக் கெடுத்துவிட்டாள் என்பதுதான். பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளை மட்டும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, விரலை வட்டமாகச் சுற்றி அத்தையிடம் ஏதோ காட்டினார். அத்தை புருவத்தை உயர்த்தினாள். அவர் மறுபடி சுற்றினார், இந்த முறை வேகமாக. அவள் தட்டைக் காட்டினாள், அவரைக் காட்டினாள். அவர் எழுந்து பெட்டியருகே வந்து பலகையில் கையை வைத்தார். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டு, வேறு இடத்தைச் சுட்டினாள். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி வேகவேகமாக என்னவோ சொன்னார். அவள் அதைவிட வேகமாகப் பதில் சொன்னாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்படிக்கு ஓடி, அத்தையும் அந்த ஆளும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கடலைமாவுக் கையோடு அடுப்படி வாசல் வரை வந்து பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். போய் விலக்கிவிடு என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. வீட்டில் இத்தனை பெரிய சண்டை நடக்கும்போது அம்மா ஏன் இப்படிக் கண்களைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள் என்று எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.