பதினேழாம் நம்பர் கோடு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கம் கேரளாவிலும் சரி, என் அத்தை சங்கிலியம்மாளின் தாடைவலிக்கு ஈடாக இன்னொரு தாடைவலி கிடையாது. மற்ற வலிகளெல்லாம் அதன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். டாக்டர்கள் படிக்கிற ஆராய்ச்சிப் பத்திரிகையிலேயே அது அச்சாகிவிட்டது. சுருளிப்பட்டியில் திராட்சை வெட்டுகிற வேறு யாருக்கு இந்தப் பெருமை உண்டு?

அத்தைக்கு வயது நாற்பத்தாறு. பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று குலை வெட்டுவார். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். பத்தாம் வகுப்போடு நான் நின்றதைப் பற்றி அவர் கட்டிய கதைகளுக்கு வேலையாட்கள் எல்லாம் சிரிப்பார்கள். பதிலுக்கு நான் அவருடைய தூக்குவாளியில் சோற்றுக்கு அடியில் புளிக்கிற திராட்சைக் காய்களைப் புதைத்து வைப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சத்தமில்லாமல் பின்னால் போய் அவருடைய இடது கன்னத்தில் ஊதினேன். கத்தரி கீழே விழுந்தது. அத்தை கன்னத்தைத் தொடாமல், கையை ஒரு விரற்கடை தள்ளி நிறுத்திக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அத்தையின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஆறு மாதமாகவே அது இருந்திருக்கிறது. பல்வலி என்று நினைத்து மூன்று கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியிருந்தார். மூன்றும் நல்ல பற்கள்.

பிறகுதான் டாக்டர் ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்தார். உத்தமபாளையத்துக்காரர். மதுரையில் நாள்பட்ட முகவலியையும் தாடைவலியையும் ஆராய்கிறவர். இது பல் இல்லை, முகத்து நரம்பு என்றார். ஆடிக் காற்றில் இந்த வலி ஏறுகிறதா என்று பார்க்க இருபத்திரண்டு பேரைச் சேர்த்தார். அத்தை பதினேழாம் நம்பர். தினமும் வலி பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறித்து, வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து மாத்திரை அளவைச் சொல்வார். மாத்திரையைக் கூட்டியும் அடங்காவிட்டால், காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து ஆபரேஷன்.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த வாரமே பக்கத்து வீட்டு உமாதேவி ஒரு செய்தி சொன்னார். தேவதானப்பட்டியில் மண்டை ஆபரேஷனுக்குப் போன ஒருத்தி வாய் கோணித் திரும்பினாளாம்.

ஆடி பிறந்தது. குமுளி மலையிலிருந்து காற்று இறங்கியது. பந்தல் இலைகள் வெளுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டின. அத்தை துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பது விரலைக் காட்டினார். நான் நாலு என்று எழுதினேன். மறுநாளும் ஒன்பது விரல். மூன்று என்று எழுதினேன். மருந்து கேட்கிறது, கூட்ட வேண்டாம் என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அத்தை சோற்றிலிருந்து கஞ்சிக்கு மாறினார், பிறகு வெறும் நீராகாரத்துக்கு. கழுத்தெலும்பு துருத்தியது. பேச்சு நின்றது. காற்று ஓய்ந்த பிறகும் அந்த வாய் பழையபடி திரும்பவில்லை.

இந்த ஆனிக் கடைசியில், அச்சான கட்டுரையோடு டாக்டர் வீட்டுக்கே வந்தார். அதில் ஒரு படம். இருபத்தொரு கோடுகள் ஆடியில் மேலே ஏறின. ஒன்று மட்டும் தனியாகக் கீழே இறங்கியது. நான் போட்ட கோடு.

"எல்லாருக்கும் ஏறுது, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா எறங்குச்சு?" என்றார் டாக்டர். "உங்கள வச்சுத்தான் கோம்பையில ரெண்டு பேருக்கு மாத்திரையக் கூட்டாம வச்சிருக்கேன்." சொல்லும்போதே அவர் பார்வை அத்தையின் கழுத்தில் நின்றது.

அத்தைக்கு மனத்தெம்பு ஜாஸ்தி என்று முந்திக்கொண்டு சொல்லி வைத்தேன்.

வெளியே காற்று கூரைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் போட்டது. அத்தை துண்டை அவிழ்த்தார். பேசினால் வெட்டி இழுக்கும் என்று தெரிந்தே வாயைத் திறந்தார்.

"ஏலே, எனக்கு எழுத்துத்தான் தெரியாது. பொட்டியில நம்பர் பாக்காமயா இத்தன வருசம் பழம் ஏத்திவிட்டேன்?"

வலி வந்தது. கண்ணை மூடி, அது கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"நோட்ட அன்னைக்கே பாத்துட்டேன். மண்டையத் தெறப்பாகன்னு எனக்கும் பயந்தான், பேசாம இருந்துட்டேன். இப்ப கோம்பையில ரெண்டு பேரு கெடக்காகல்ல."

ஒன்பது விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டாக்டரம்மாட்ட நீயே சொல்லு. இது எத்தன?"