எழாப்பிரபுவின் கால்வலி

முடிவெட்டும் கடையில் காலை முதல் இருட்டும்வரை நின்றே பிழைக்கும் அந்த மனிதருக்குப் பரம்பரைப் பட்டம் ஒன்று உண்டு: எழாப்பிரபு. யார் வந்தாலும் எழத் தேவையில்லாத பிரபு என்று பொருள். தெருவே அவரைப் பிரபு என்றுதான் கூப்பிட்டது. மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், குப்பைக் கூடையை வெளியே வைப்பது மாதிரி வேலை ஏவும்போது மட்டும்.

பட்டம் வந்தது ஒரு பாசறையில். ராஜா உள்ளே நுழைந்தார், எல்லோரும் எழுந்தார்கள், இந்தக் குடும்பத்தின் முதல் ஆள் மட்டும் எழவில்லை. தொடையில் ஈட்டிக் காயம் என்பது வீட்டு ஆண்கள் சொல்லும் கதை. சண்டைக்குப் பயந்து மரத்தில் ஏறியதில் கால்சட்டை பின்பக்கம் கிழிந்துவிட்டது, மானத்தைக் காப்பாற்ற உட்கார்ந்தே இருந்தார் என்பது பெண்கள் சொல்வது. நம்பும்படி இருப்பது பெண்கள் சொல்வதுதான். ராஜாவோ காயம் என்றே நம்பி மனம் இளகி, இவன் வம்சம் இனி எவனுக்கும் எழவேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு உட்கார்ந்த வம்சம்தான். ஒரு பிரபு ஒழுகும் கூரைக்கு அடியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் வீடு தீப்பிடித்தபோதும் எழ மறுத்ததால் நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள். குந்தித் தின்றால் குன்றும் கரையும் அல்லவா? தோப்பும் மாளிகையும் கரைந்து, பட்டம் மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஒரு விதி இருந்தது. வம்சத்து ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது, குடும்பத்தின் மூத்தவர் கண்முன் பட்டக்காரர் அவன் எதிரே நின்றால், பட்டம் உட்கார்ந்தவனுக்குப் போய்விடும்.

பிரபு இதையெல்லாம் கேலி பேசுவார். ஆனால் உள்ளூர ஆசை இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் சொந்தங்கள் கூடுவார்கள். மற்ற நாளில் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், அன்றைக்கு அவர் உட்காரும்வரை நிற்பார்கள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மீதி நாளெல்லாம் நரம்பு புடைத்த கால்களோடு அவரால் நிற்க முடிந்தது. இதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம்.

சொந்தங்கள் கடைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை; அதனால் பட்டம் பத்திரமாக இருந்தது. இந்த வருஷம் கூட்டத்துக்கு முந்தின நாள், சித்தப்பா மகன் வந்து நின்றான். பழைய கார் வாங்கி விற்கிறவன். கூடவே குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா.

"அண்ணே, நாளைக்குக் கூட்டத்துக்கு நான் பளிச்சுனு வரணும். தாடியை எடுத்துவிடுங்க" என்று சுழல்நாற்காலியில் சாய்ந்தான் தம்பி.

சொந்தக்காரன் கடை தேடி வந்த சந்தோஷத்தில் பிரபுவுக்குத் தலைகால் புரியவில்லை. தொழில் பழக்கம் வேறு: நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் கை தானாகப் பிரஷ்ஷை எடுத்துவிடும். நுரை பூசி, வலது கன்னத்தை மழமழவென்று வழித்து முடித்தார்.

தம்பி சிரித்தான். "பெரியப்பா, பாத்தீங்களா? நான் உட்கார்ந்திருக்கேன். அண்ணன் நிக்கிறாரு."

பெரியப்பா செருமினார். "விதின்னா விதிதான்பா. பட்டம் இனி இவனுக்கு."

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. என் கார் கடை போர்டுல போட்டா வியாபாரம் நல்லா ஓடும்."

பிரபு கத்தியில் இருந்த நுரையைத் துடைத்தார். நாளைக்கு இவன் உட்காரும்வரை தானும் ஓரமாக நிற்கவேண்டும். அதற்கு அவர் போகாமலே இருந்துவிடலாம்.

கல்லாவில் இருந்த மனைவி எழுந்து, தன் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "பட்டம்தான் போயிருச்சே. கால் வலிக்கும், கொஞ்சம் உட்காருங்க."

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, மீதி?"

"மெதுவா பாத்துக்கலாம்டா. என்ன அவசரம்?"

நுரை காய்ந்தது. கன்னம் அரித்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் சாமியார். பொறுக்கமுடியாமல் தம்பி கழுத்துத் துண்டோடு துள்ளி எழுந்து, அவர் முன்னால் வந்து நின்றான். "விளையாடாதீங்கண்ணே! எந்திரிங்க!"

"டேய்" என்றார் பெரியப்பா. "இப்ப நீ நிக்கிற. அவன் உட்கார்ந்திருக்கான்."

தம்பி பிளந்த வாயோடு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுல உட்கார்ந்தா மீதி கிடையாது" என்றார் பிரபு. "நின்னுக்கிட்டே காட்டு, வழிக்கிறேன்."

அவர் உட்கார்ந்தபடி வழித்தார். தம்பி முழங்காலை மடக்கிக் குனிந்து கன்னத்தை நீட்டினான். முடிந்ததும் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

பெரியப்பா வாசலில் தயங்கினார். "நாளைக்கு நேரத்தோட வந்துருப்பா. நீ வந்து உட்காராம நாங்க உட்கார முடியாது. எனக்கும் முட்டி வலி."

பிரபு கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது, அவர் மறைக்கவில்லை. இதற்குள் ஒருவர் வந்து சுழல்நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்திருந்தார்.

"பிரபு, ஆள் காத்திருக்காரு" என்றாள் மனைவி.

எழாப்பிரபு எழுந்தார்.