பன்னிரண்டு பேரும் ஒரே சேனலும்

ஜெராம் மீனவக் கிராமத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. மீன் கொட்டகையில் ஒரு ரேடியோ. கடலில் கிடந்த அத்தனை படகுகளும் ஒரே சேனலில் அதில் பேசின. படகுகளால் முடியுமென்றால் எங்கள் எஸ்டேட் ரதத்துக்கு ஏன் முடியாது?

திருவிழா ரதம் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து கிளம்பி மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பறந்து வரும் வளைவு அது. வழக்கமாகக் கொடி ஆட்டி, விசில் ஊதி ரதத்தை நிறுத்துவார்கள். மேளச் சத்தத்தில் விசில் யார் காதில் விழும்? பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடித்து, ரிசல்ட் வரும்வரை வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்த நான், கோயில் தலைவரிடம் போய் நின்றேன்.

"பன்னெண்டு பேருக்கு வாக்கி டாக்கி குடுப்போம் பெரியப்பா. ஒரே சேனல். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

"சரியா வரலைன்னா அடுத்த வருஷம் கொடிதான் பாப்பா. இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"வரும் லா!"

கோலா சிலாங்கூர் டவுன் கடையொன்றில் வாக்கி டாக்கிகளை வாடகைக்கு எடுத்தோம். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் இரைச்சல்தான் என்று சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரதம் புறப்பட்டதும் தலைவர் ரேடியோவில், "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். தொலைந்தது. தலைவர் வணக்கம் சொல்லி, பதில் சொல்லாமல் இருப்பதா? ஆளாளுக்கு பட்டனை அழுத்தினார்கள். ஒரே இரைச்சல். தன் வணக்கம் போய்ச் சேரவில்லையே என்று மறுபடியும் அழுத்தினார்கள்.

"வணக்கம் அண்ணே, நான்தான்..."

"சாப்பிட்டாச்சா மாமா?"

"யாருடா நடுவுல? பட்டனை விடுறா!"

"நீ விடு லா மொதல்ல!"

வளைவில் நின்றவள் நான். தூரத்தில் லோரி. "ரதத்தை நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரலும் அந்த இரைச்சலோடு கலந்துபோனது. செருப்பை உதறிவிட்டு, கையை ஆட்டிக்கொண்டே ரதத்தை நோக்கி ஓடினேன். ரதத்தை இழுத்து வந்த டிராக்டர் ரோட்டோரம் நின்றது. லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்தது.

"இப்படி ஓடுற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று தலைவர் ரேடியோவை என்னிடமே நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு அதிகம் என்றால் எத்தனை சரி? நாலா? எட்டா? இரண்டு நாள் இதே குடைச்சல். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது: ஜெராமில் நான் படகுகளை மட்டும்தான் எண்ணினேன். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பேசியது என்று கவனிக்கவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், இரண்டு வார்த்தை, உடனே மௌனம். பெரும்பாலான படகுகள் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

"சோதிச்சுப் பாக்க ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க பெரியப்பா. பந்துத் திடல்ல. ரதம் வேணாம், லோரி வேணாம்."

"வணக்கம் எப்போ சொல்றது?"

"கிளம்புறதுக்கு முன்னாடி, நேர்ல."

அவர் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலு பேரோடு ஆரம்பிப்பேன். யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அவர் மட்டுமே பதில் தரலாம். இரைச்சல் வரும்வரை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போவேன். அதற்கு முன், நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஜெராம் போக வேண்டும். இந்தத் தடவை படகுகளை எண்ணப் போவதில்லை.