பாதிப் பாதியாய்க் காய்த்த தென்னை

எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது கடவுள் நம்பிக்கை வந்தது. வேறொருவர் என்றால் வீட்டில் சொல்லியிருப்பார். சிலர் சீட்டாட்டத்தை மறைப்பார்கள், சிலர் குடியை மறைப்பார்கள். நான் பிள்ளையாரை மறைத்தேன்.

மறைக்கக் காரணம் இருந்தது. மயிலாப்பூரில் ஒரு டுடோரியலின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும் பகுத்தறிவு வட்டத்துக்கு நான் செயலாளர். கடவுள் இல்லை என்பதை அரை மணி நேரத்தில் நிரூபிப்பேன். கேள்வி நேரம் தனி. கல்யாணமான புதிதில், கோயிலுக்குக் கூப்பிட்ட மனைவியிடமும் அந்த அரை மணி நேரப் பேச்சைப் பேசினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, வாசல்ல நின்னு செருப்பையாவது பார்த்துக்கிறீங்களா?" என்றாள். அதற்கும் மறுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் தனியாகவே போய்வந்தாள். அப்படியே வருடங்கள் ஓடின.

தி.நகரில் என் அலுவலகம். பக்கத்து மேசைக்காரர் ஓய்வுபெற்று, அவருடைய நாற்காலி எனக்குப் பதவி உயர்வாக வந்தது. இழுப்பறையைத் திறந்தேன். காலியான பொடி டப்பா ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று. ஆயுள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்ததன் மிச்சம் அவ்வளவுதான். இதற்குத்தானா என்று தோன்றியது. வட்டத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பதில் சொல்லியிருப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டபோது ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மாம்பலத்தில் மின்சார ரயிலேறினேன். பரங்கிமலையில் இறங்கிக் கால்போன போக்கில் நடந்து, ஆதம்பாக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் போய் நின்றேன். தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. அதுவே அந்தப் பிள்ளையாரின் முதல் மகிமை.

வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்ற பூக்காரம்மாளிடம் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். "யார் பேருக்கு?" என்றார் குருக்கள். என் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மனைவியின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

தெரியவில்லை.

"ஆத்துக்காரி நட்சத்திரம் தெரியாதா? போகட்டும், சுவாமி பேருக்கே பண்ணிடறேன். அடுத்த தடவை கேட்டுண்டு வாங்கோ."

கேட்டேன். சாப்பிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல, "உன் நட்சத்திரம் என்ன? ஆபீஸ்ல ஒரு பாரம் நிரப்பணும்" என்றேன்.

"கவர்மெண்டுக்கு என் நட்சத்திரம் எதுக்கு?"

"புது ரூல்."

"உத்திரட்டாதி" என்று சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றினாள்.

பிறகு செவ்வாய்தோறும் போனேன். வீட்டில் வட்டத்தின் கமிட்டிக் கூட்டம் என்று சொல்வேன். மாலையில் காபிக்குக் கூப்பிடும் வட்டத்து நண்பர்களிடம் ஆபீஸில் வேலை என்று சொல்வேன். திரும்பும் வழியில் ஸ்டேஷன் குழாயில் விபூதியையும் குங்குமத்தையும் கழுவிவிடுவேன். கழுவ முடியாதது ஒன்றுதான்: குருக்கள் திருப்பித் தரும் தேங்காய் மூடி. நம்பினால் அது பிரசாதம், நம்பாவிட்டால் சட்னி. எப்படிப் பார்த்தாலும் தூக்கி எறிய முடியாது. "பியூன் வீட்ல தென்னை மரம் இருக்கு, குடுத்தாரு" என்று வீட்டில் நீட்டினேன்.

நாலைந்து வாரம் கழித்து அவள் கேட்டாள்: "அவர் வீட்டு மரத்துல பாதிப் பாதியாத்தான் காய்க்குதா?"

"மீதிப் பாதி அவங்களுக்கு வேணாமா?" என்றேன், வட்டத்தில் பதில் சொல்லும் அதே குரலில். அவள் சிரித்துக்கொண்டே துருவப் போனாள். சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பூக்காரம்மாளைத்தான் சமாளிக்க முடியவில்லை. "இன்னா சார், வாரா வாரம் சம்சாரம் பேருக்கு அர்ச்சனை பண்றே. அந்தம்மாவ ஒரு நாளாச்சும் இட்டுகினு வரக் கூடாதா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

மூன்று வருடம் இதையே சொன்னேன். ஒரு நாள் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "மூணு வருசமாவா ஊர்ல கீது? நெசமாச் சொல்லு, சண்டை போட்டு அனுப்சிட்டியா?"

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி வருவதை அப்படி எழுத முடியாது.

மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். செவ்வாய்க் காலை அவள் சொன்னாள்: "சாயங்காலம் கோயிலுக்குப் போறேன். இந்த ஒரு தடவை கூட வாங்க. உள்ள வரவேணாம். குளத்தங்கரையில நின்னாப் போதும்."

மயிலாப்பூர்க் கோயில் குளத்தின் மூலையில் உள்ள காபிக் கடையில்தான் வட்டத்து நண்பர்கள் மாலையில் நிற்பார்கள். அந்தக் கடை என் கண்முன் வந்தது. அவள் முகம் வரவில்லை. "இன்னிக்கு கமிட்டி இருக்கு" என்றேன். அவள் பக்கத்து வீட்டு அம்மாளோடு போனாள். நான் ஆதம்பாக்கத்துக்குப் போய், அவள் பிழைக்க வேண்டும் என்று அவள் பெயருக்கே அர்ச்சனை செய்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள், பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பிய இட்லியை அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நம்ம வீட்ல இருந்த மூடியா?"

"ஆமா, அந்தம்மாகிட்ட நான்தான் குடுத்தேன்."

"காய் இளசு. கோயில் வாசல்ல குடுக்கறதை அப்படியே வாங்காதீங்க. தட்டிப் பார்த்து வாங்குங்க."

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன். "எப்பத் தெரியும்?"

"நட்சத்திரம் கேட்டீங்களே, அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"நீங்களாக் கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்." பிறகு, "செவ்வாய்க்கிழமை உத்திரட்டாதின்னு சரியாச் சொன்னீங்கல்ல?" என்றாள். தலையசைத்தேன். "அப்ப சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும், "வர்ற வெள்ளிக்கிழமை நானும் வரேன்" என்றேன்.

"மயிலாப்பூர் வேணாம். உங்க ஆளுங்க பார்ப்பாங்க. ஆதம்பாக்கத்துக்கே போவோம்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கறையாகச் சொன்னாள். இல்லை, மயிலாப்பூருக்கே போவோம் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செயலாளர் பதவியிலிருந்து விலக மேலும் இரண்டு வருடம் பிடித்தது எனக்கு.

என் வழக்கப்படி செவ்வாய்க்கிழமையே போனோம். பூக்காரம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கைவைத்தாள். "ஊர்லேர்ந்து வந்துட்டியாம்மா? சார் மூணு வருசமாத் தனியா வந்துகினு இருந்தாரு!"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டி, விரலால் தட்டி, கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"நான் எங்கயும் போகலம்மா. இவருதான் இப்ப வந்திருக்காரு."

அந்தத் தேங்காயை என் கையில் கொடுத்தாள். நான் தட்டை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் போனேன்.